நாங்கள் விற்பதை நிறுத்திய மாத்திரை

நான் ராஜபாளையத்தில் பிறந்தவள். என் தகப்பனார் பருத்தி வாங்கி விற்றார். என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரரின் இளைய மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். முன்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்கட்டில் மருந்து செய்கிற கொட்டகை. வந்த புதிதில் பெருங்காய நெடியில் எனக்குச் சோறே இறங்கவில்லை. பிறகு அது எப்படியோ பழகிவிட்டது. பிறந்த வீட்டுக்குப் போனால் என் சேலையை மோந்து பார்த்துவிட்டுத் தங்கைகள் சிரிப்பார்கள்.

கடையை ஆரம்பித்தவர் என் மாமனாரின் தகப்பனார். அவர் செய்துவைத்துவிட்டுப் போன கருப்பு மாத்திரைதான் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. மிளகு, ஓமம், பெருங்காயம், கற்பூரம், இன்னும் இரண்டொரு சரக்கு சேர்த்துக் கல்வத்தில் நாள் முழுக்க அரைத்து, மிளகளவு உருட்டி, நிழலில் காயவைப்பார்கள். வாந்திபேதிக்கு அதுதான் மருந்து என்று இந்தப் பக்கத்தில் எல்லாரும் நம்பினார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் ஊராக ஜனங்கள் பேதியில் செத்தபோது அந்த மாத்திரை சாப்பிட்டவர்கள் பிழைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். தேர் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் திரும்பும்போது முந்தானையில் நாலைந்து மாத்திரையை முடிந்துகொண்டு போவது வழக்கம்.

அந்த மாத்திரைக்கு ஒரு பத்தியம் உண்டு. இஞ்சிச் சாற்றில் தேன் விட்டுக் குழைத்துக் கொடுக்க வேண்டும். பேதி நிற்கும்வரை சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

வீட்டில் மாமியார் இல்லை. நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். மாமனார், மூத்த மகன், அவர் மனைவி, அவர்கள் பிள்ளைகள், நாங்கள் இருவர், எங்கள் கைக்குழந்தை, இவ்வளவுதான் குடும்பம். மூத்த மகனை நான் பெரியத்தான் என்பேன். என்பேன் என்றாலும் நேரே பேசியதில்லை. தம்பி பெண்டாட்டியிடம் மூத்தவர் நேருக்கு நேர் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் அக்காவிடம், அதாவது அவர் மனைவியிடம் கேட்பார், அக்கா என்னிடம் கேட்பார். கடைக்கு அவர்தான் தூண். பேச்சில் கெட்டிக்காரர், வருகிறவனின் நோயைவிட அவன் பயத்தை முதலில் தெரிந்துகொள்வார். என் வீட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. கொட்டகையில் அரைக்கிற வேலையும், வண்டி கட்டிக்கொண்டு பக்கத்து ஊர்களுக்குச் சரக்குக் கொண்டுபோகிற வேலையும் அவருடையது. வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம்.

எனக்கு மகன் பிறந்த மறு ஆடியில், தேர் நிலைக்கு வந்த பிறகு ஊரில் பேதி கண்டது. முதலில் குளத்துக்கரைப் பக்கம் ஒரு வீடு, பிறகு அதே வரிசையில் இன்னும் சில. முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து கிணறுகளில் ஏதோ சிவப்பு மருந்தைக் கரைத்தார்கள். ஜனங்கள் அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பயந்துகொண்டு எங்கள் கடைக்கு ஓடிவந்தார்கள். வீட்டில் ஒருவருக்கும் ஓய்வில்லை. அக்காவும் நானும் உருட்டி உருட்டி விரல் நுனியெல்லாம் கருத்துப் போனது.

மம்சாபுரத்தில் நிறையப் பேருக்குக் கண்டிருக்கிறது என்று செய்தி வந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு பானை நிறைய மாத்திரையோடு வண்டியில் போனார். சாயங்காலம் திரும்பிவந்து குளித்துச் சாப்பிட்டார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அங்கே ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே ஆளில்லை என்று மட்டும் சொன்னார். விடிந்தபோது அவருக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

முதல் முறை போய்விட்டு வந்ததுமே மாத்திரை கொடுத்தேன். வாந்தியில் வந்துவிட்டது. மறுபடி கொடுத்தேன். மாமனார் கடையை விட்டு உள்ளே வந்து, மகன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தன் கையாலேயே குழைத்து நாக்கில் தடவினார். அது தங்கியது. ஆனாலும் பேதி நிற்கவில்லை. கண் உள்ளே போய், குரல் கம்மி, விரல்கள் ஊறப்போட்டது போலச் சுருங்கிவிட்டன. அவர் தண்ணீர் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். நான் துணியை நனைத்து உதட்டைத் துடைத்தேன். அந்தத் துணியை அவர் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டார். நான் மெதுவாக உருவி எடுத்தேன். வெயில் தாழ்வதற்குள் அடங்கிவிட்டார்.

தெருவில் யாரும் எடுக்க வரவில்லை. வர முடியாத காலம் அது. பெரியத்தானும் மாமனாரும் வண்டிக்காரனுமாகத்தான் கொண்டுபோனார்கள்.

சடங்கு முடிந்த மறுநாள் காலையில் பூட்டிய கடை வாசலில் கூட்டம் நின்றது. கதவைத் திறக்கப் போன பெரியத்தானை மாமனார் தடுத்தார். இனிமேல் அந்த மாத்திரையை இந்தக் கடையில் கொடுக்கப் போவதில்லை என்றார். பெரியத்தானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். ஒருத்தனுக்குக் கேட்கவில்லை என்றால் மருந்தே பொய்யாகிவிடுமா, இத்தனை வருஷம் பிழைத்தவர்கள் எல்லாம் எதனால் பிழைத்தார்கள், வாசலில் நிற்கிறவர்களை வெறுங்கையோடு அனுப்பினால் பயத்திலேயே செத்துப்போவார்கள் என்றார். அவர் சொன்னதை அவர் நம்பினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கடைசியில் அவர் ஒன்று சொன்னார். பத்தியம் தப்பியிருக்கும், புருஷன் கெஞ்சினால் எந்தப் பெண்தான் தண்ணீர் கொடுக்காமல் இருப்பாள் என்று.

மாமனார் என்னைக் கூப்பிட்டார். வெள்ளைச் சேலையோடு நடுக்கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். பெரியத்தான் அக்காவைத் தேடவில்லை. முதல் முறையாக என்னைப் பார்த்து நேரே கேட்டார்.

"அவன் தண்ணி கேட்டானா?"

"கேட்டாவ."

"நீ குடுத்தியா?"

கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். மாத்திரையின் பெயர் பிழைத்திருக்கும், குடும்பமும் பிரிந்திருக்காது. அழியாத ஒரு பழி என் தலையில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். அதையெல்லாம் இப்போது எழுதும்போதுதான் யோசிக்கிறேன். அன்றைக்கு எனக்கு உண்மையைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

"குடுக்கல. கடைசிவரைக்கும் கேட்டாவ. நான் குடுக்கவே இல்ல."

மாமனார் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு மெதுவாக, "கேட்ட தண்ணியையாவது குடுத்திருக்கலாமே தாயி" என்றார். அது என்னைக் குற்றம் சொன்ன பேச்சு இல்லை. மடியில் தலையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் அவர். தன்னையேதான் சொல்லிக்கொண்டார்.

அவரே போய்க் கதவைத் திறந்தார். இந்த மாத்திரை என் மகனுக்குக் கேட்கவில்லை, இதை நம்பி நேரத்தைப் போக்க வேண்டாம், நோயாளி தண்ணீர் கேட்டால் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள், கஞ்சி கேட்டால் கொடுங்கள், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார். ஒருவருக்கும் முதலில் புரியவில்லை. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, "பலிக்காட்டியும் பரவாயில்ல சாமி, ரெண்டு குடுங்க" என்று கையை நீட்டினாள். மாமனாருக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே திரும்பி வந்து, பானைகளில் இருந்த மாத்திரையை எல்லாம் தொழுவத்துக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டி மூடினார்.

பேதி ஓய்ந்த பிறகு பெரியத்தான் குடும்பத்தோடு ராஜபாளையம் போனார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பெரியத்தான் சின்னக் கல்வத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். மாமனார் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அங்கே கடைத்தெருவில் ஒரு கடை போட்டார். தாத்தா பெயரைச் சொல்லி அதே கருப்பு மாத்திரையை விற்றார். எங்கள் ஊர் ஜனங்களே வண்டி கட்டிக்கொண்டு போய் வாங்கிவந்தார்கள்.

எங்கள் கடைக்கு ஆள் வருவது குறைந்துபோனது. சொந்த மகனைக் காப்பாற்ற முடியாதவன் என்று மாமனார் காதுபடவே பேசினார்கள். உதவிக்கு ஆளில்லாததால் நான் கொட்டகை வேலையை எடுத்துக்கொண்டேன். தைலம் காய்ச்சினேன், லேகியம் கிண்டினேன். எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் பொட்டலங்களின் மேல் பெயரும் எழுதினேன். பிள்ளை பெற்றவர்களுக்கான லேகியத்தை நான் செய்கிறேன் என்று தெரிந்ததும், தாலியறுத்தவள் கைமருந்தா என்று பலர் பின்வாங்கினார்கள். ஒரு நெசவுக்காரர் மனைவி மட்டும், பேறு முடிந்து நடக்க முடியாமல் கிடந்த தன் மகளுக்காகப் பின்வாசல் வழியாக வந்து வாங்கிப்போனாள். அந்தப் பெண் தேறி எழுந்த பிறகு அவள் தெருவில் இருந்து வேறு பெண்களும் பின்வாசலுக்கு வந்தார்கள். முன்வாசலில் போன வியாபாரம் அந்தப் பக்கமாகத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மாமனார் முன்னால் உட்கார்ந்து ஆண்களுக்குக் கொடுப்பார், நான் பின்னால் பெண்களுக்குக் கொடுப்பேன். என் மகன் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தான்.

அவன் மீசை அரும்பி நிற்கும் காலத்தில் மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டார். மூத்த மகன் கொள்ளி வைக்க வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அக்காவும் பிள்ளைகளும் வந்தார்கள். காரியமெல்லாம் முடிந்து அவர்கள் புறப்படும் நாளில், பெரியத்தான் கொட்டகைக்கு வந்து வாசலில் நின்றார். இந்த முறையும் நேரே என்னிடம்தான் பேசினார்.

"நான் அந்த மாத்திரைய நிப்பாட்டி வருஷக் கணக்காச்சு" என்றார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் ஒரு கோடையில் பேதி வந்ததாம். கடையில் நெருக்கித் தள்ளுகிற கூட்டமாம். வாங்க வந்த எல்லாருக்கும் மாத்திரையைக் கொடுத்து, தண்ணீர் கொடுக்காதே என்று பத்தியமும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாராம். அன்றைக்கு மத்தியானம் வீட்டில் அவருடைய கடைசி மகளுக்குக் கண்டுவிட்டது. அக்கா மாத்திரையைக் குழைத்துக் கொண்டுவந்தாராம். இவர் தட்டிவிட்டு, தண்ணீரைக் காய்ச்சச் சொல்லி, பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுத்தாராம். மகள் பிழைத்துக்கொண்டாள்.

"நீ கதவுக்குப் பின்னால நின்னு சொன்னது என் காதுலயே கெடந்துச்சு. குடுக்கவே இல்லன்னு சொன்னியே, அது. அதான் எம்பிள்ளைக்குத் தண்ணியக் குடுத்தேன்."

எனக்குச் சந்தோஷமும் வந்தது, உடம்பெல்லாம் எரியவும் செய்தது. அந்தப் பெண் வெளியே வண்டியில் உட்கார்ந்து என் மகனோடு பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு உங்க கடையில வாங்கிட்டுப் போனவுக?" என்று கேட்டேன்.

அவர் அதை விட்டுவிட்டு, அங்கே இப்போது வெறும் சரக்குக் கடையாகத்தான் நடத்துகிறேன், மருந்து செய்ய எனக்கு மனசில்லை, என் மகனையும் உன் மகனையும் சேர்த்துவைத்தால் இரண்டு கடையும் நிற்கும் என்றார். யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன்.

எனக்கு யோசிக்க அடுத்த அறுவடை வரை ஆனது. பிள்ளைகள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதால் சம்மதித்தேன். மருந்தெல்லாம் எங்கள் கொட்டகையில்தான் செய்வது, நான் சரி என்று சொல்லாத எதுவும் ராஜபாளையத்துக்குப் போகக் கூடாது என்று மட்டும் கேட்டேன். பெரியத்தான் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கடையில் உட்காரவே இல்லை. கடைசிக் காலத்தில் கை நடுக்கம் வந்து படுத்தபோது நான் ராஜபாளையம் போய் அக்காவுக்குத் துணையாக இருந்தேன். தைலம் தேய்த்துவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். அந்தக் கேள்வியை நான் திரும்பக் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நான் அவரை மன்னித்தேனா என்று அக்கா ஒருநாள் கேட்டார். அது என்னிடம் கேட்க வேண்டியதில்லை அக்கா, அந்தப் பேதி வருஷத்தில் அவர் கடைக்கு வந்தவர்களிடம் கேட்க வேண்டியது என்றேன். அக்கா தலையாட்டிவிட்டு, அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை பிடிக்கச் சொன்னார். இருவருமாகப் புரட்டினோம்.