கூரையற்றவர்களின் இரண்டாவது அல்பம்

என் கணவரின் ரொக் குழு தன் இரண்டாவது அல்பத்துக்குக் 'கூரையற்றவர்கள்' என்று பெயர் வைத்தது. அதை ஒலிப்பதிவு செய்தது என் வீட்டு ஓட்டுக் கூரைக்குக் கீழேதான்.

முதல் அல்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், விடுதியில் இடம் கிடைக்காமல், நாலு பேரும் ஒரு தகரக் கொட்டிலில் கிடந்து பாடியது. அந்தக் கோபத்தில் உண்மை இருந்தது. அதைக் கேட்டுத்தான் இந்த மனிதரைக் கட்டினால் என்ன என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். குழுவில் நாலு பேருமே அப்படித் தங்கள் மனைவி வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள். வாவிக் காற்று, வேளாவேளைக்குச் சோறு. இனி இவர்களுக்கு யார்மேல் கோபம்? பழைய கோபத்தையே எடுத்துச் சூடாக்கினார்கள்.

அதற்கு என் வீட்டு முன் ஹோல் வேண்டுமாம். அங்கேதான் நான் பிள்ளைகளுக்குக் கணித ரியூசன் நடத்துகிறேன்.

"ஒரு மாசம்தான். மறுகா விட்டிருவம்" என்றார் கணவர்.

வகுப்பை மாமரத்தடிக்கு மாற்றினேன். ஒரு மாதம் மாரி வரை இழுபட்டது. யன்னல்களை என் மெத்தைகளால் அடைத்தார்கள். மின்விசிறி சுழலக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது. பாண் விற்கும் ஓட்டோ தன் பாட்டோடு ஒழுங்கைக்குள் வந்தால், பாடகரான என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மழை தொடங்கியதும் பிள்ளைகள் கொப்பிகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார்கள். பாதிப்பேர் திரும்பி வரவேயில்லை. உள்ளே நாலு ஆண்கள் ஒரு துளியும் படாமல் இருந்து, மழையில் நனைகிறோம் என்று பாடிக்கொண்டிருந்தார்கள்.

அல்பம் இணையத்தில் வந்தது. கிற்றார் கம்பி விற்ற கடைக்காரருக்குக்கூட நன்றி போட்டிருந்தார்கள். என் வீட்டுக்கு? 'ஒலிப்பதிவு: முகவரியற்ற ஓர் இடம்.'

"இஞ்சாருங்க, இது எந்த இடம்?"

"அது ஒரு கலை உணர்வுக்காகப் போட்டது. உனக்கு விளங்காது."

மெத்தைகளை வெயிலில் போட்டேன். பிள்ளைகள் இருக்கும் வாங்குகளைத் துடைத்து உள்ளே எடுத்தேன். விட்டுப்போன பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே போய்க் கூப்பிட்டேன்.

மூன்றாவது அல்பத்துக்குப் பாட்டு எழுதியாயிற்று என்று ஒருநாள் பின்னேரம் நாலு பேரும் கிற்றாரும் பெட்டியுமாக வந்து நின்றார்கள். ஹோல் நிறையப் பிள்ளைகள் சமன்பாடு செய்துகொண்டிருந்தார்கள்.

"அப்ப நாங்க எங்க இருந்து பாடுற?" என்றார் கணவர்.

மாமரத்தடியைக் காட்டினேன்.

"அங்க இருங்க. கூரை இல்ல. இந்த முற பாட்டு நல்லா வரும்."