படம் பிடிக்க யாரும் வராத நாள்

கஹவத்தைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் ‘மைக்கு’ ஏழுமலையைத் தெரியாதவர் இல்லை. கீழ் டிவிசன் வெள்ளையம்மாவுக்கு உடன்பிறந்த தம்பி. இருவருக்கும் நடுவில் ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை. தாய்வழிப் பாட்டன் முசிறிப் பக்கமிருந்து வந்தவர். தகப்பன் வழியினர் கொடகவெலப் பக்கம் றப்பர் பால் வெட்டியவர்கள். அந்த வழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தொண்டை பெரிது. ஏழுமலையின் பெரியப்பா மலையின் இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தத் தொண்டைதான் இவனுக்கும்.

ஒரு பழைய ஆட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டி, கோயில் திருவிழா, இழவுச் செய்தி, கடை மலிவு விற்பனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகு ஓர் அரசாங்க அலுவலகத்தின் விளம்பர வேலை கிடைத்தது. அங்கே தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை. சொல்லவேண்டியதைச் சிங்களத்தில் போனுக்கு அனுப்புவார்கள்; இவன் தமிழாக்கி, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்ச் சொல்லவேண்டும். ஆட்டோவின் பின்னால் அவர்கள் கொடுக்கும் பேனரைக் கட்டவேண்டும். மணிக்கொரு தடவை பேனரும் ஆட்களும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் அன்றைய கூலி கிடையாது.

புது வீட்டுத் திட்டம் என்றார்கள், காணி உறுதி என்றார்கள், தாய்மாருக்குச் சத்துணவு என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் மேடை வந்தது, பலூன் வந்தது, சுவர் அளவு வெளிச்சத் திரை வந்தது, தலைக்கு மேலே பறந்து படம் எடுக்கும் யந்திரமும் வந்தது. ஆட்சி மாறினால் பேனரில் முகம் மாறும், அகலம் குறையாது.

“இந்தத் திரையோட வாடகைக்கு நம்ம லயம் முழுக்கத் தகரம் மாத்தியிருக்கலாம்” என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பேசிக்கொள்வார்கள். ஏழுமலை காதில் விழுந்தாலும் விழாத மாதிரி போய்விடுவான். பொய் சொன்னது அலுவலகம்தான். ஆனால் லயத்துக்குள் கேட்டது அவன் குரல்.

போன வருடம் நடந்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. மழையில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி என்று கீழ் டிவிசன் ஆட்களை மேலே பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது ஏழுமலை. கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி ஆளுக்கொரு மெத்தையும் அரிசி மூட்டையும் கையில் கொடுக்க, படம் எடுத்தார்கள். பின்வாசல் வழியாக வெளியே வந்ததும் அவற்றைத் திரும்ப வாங்கி லொறியில் ஏற்றினார்கள். அடுத்த தோட்டத்திலும் படம் எடுக்கவேண்டுமாம். “உங்கட சாமான் பொறகு வரும்” என்றார்கள். வரவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகாததால் ஒரு நாள் பேரும், அதற்கான கூலியும் போனது. இரண்டு மாதம் கழித்து, கஹவத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கும் வெள்ளையம்மா இருபதடி உயர விளம்பரப் பலகையில் நின்றாள்.

“அக்கா, மெத்த சொகமா இருக்கா?” என்று பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் கேட்பார்கள்.

இந்த வருடம் வைகாசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கீழ் டிவிசனுக்கு மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை. பகலுக்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடவேண்டும். உடனே போய்ச் சொல். ஏழுமலை பழக்கத்தில் பேனரையும் கட்டிக்கொண்டு கிளம்பினான். மழைக்கு வேலை நிறுத்தியிருந்ததால் எல்லோரும் லயத்திலேயே இருந்தார்கள். மூன்று தடவை சுற்றிச் சுற்றிச் சொன்னான். ஒரு கதவும் அசையவில்லை. ஒரு ஜன்னலிலிருந்து மட்டும் பதில் வந்தது.

“வந்துட்டாரு கவர்மெண்டு! மாமா, இன்னிக்கு என்ன குடுத்துட்டுப் புடுங்கப் போறீங்க?”

லயமே சிரித்தது.

லயத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தான். போன வருடம் விரல் நுழைகிற அளவு இருந்த வெடிப்பில் இப்போது கால் நுழைந்தது. வெடிப்பிலிருந்து சேற்றுத் தண்ணீர் கொப்பளித்தது. குடும்பத்துக்கு ஒரு காம்பராவாகப் பதினாலு குடும்பம். அதில் கடைசிக் காம்பராவில் அவன் அக்காள். ஆட்டோவை நிறுத்திவிட்டு நேரே அங்கே போனான்.

வெள்ளையம்மா அடுப்படியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டா, மெத்த லொறியில வருதா? இல்ல இந்தத் தடவ பாயா?”

“வெளையாடாத அக்கா. கெளம்பு.”

“போன தடவையும் நீதான் கெளம்புன்ன. ஊரெல்லாம் என் மூஞ்சி தொங்குது. மழைக்கு நனையுது, வெயிலுக்குக் காயுது. இன்னொன்னும் தொங்கணுமா?”

“பின்னுக்கு மண்ணு வெடிச்சிருக்கு.”

“அது போன வருசமே வெடிச்சது. நீ ஒன் கூலிக்குப் பேசுற. பேசு, வேணாங்கல. நான் வரல.”

ஏழுமலை தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலில் நின்றான். வெள்ளையம்மா அவனைத் தாண்டி றோட்டைப் பார்த்தாள்.

“பின்னால வாகனம் வருதா?”

“இல்ல.”

“கெமராக்காரன்?”

“வரல.”

“அந்தக் கண்ணாடி போட்ட மஹத்தயா?”

“ஒருத்தரும் வரல அக்கா. நம்ம மலைக்குக் கீழ வர அவங்களுக்குப் பயம். நீ போய் சொல்லு, நாங்க ஒபிஸ்ல இருக்கோம்ன்டாங்க.”

“நீ படம் புடிச்சு அனுப்பணுமே?”

“இன்னிக்கு வேணாம்ன்டாங்க.”

வெள்ளையம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன, மடையா. அப்ப நெசந்தான்.”

வாசலுக்கு வந்து லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். அதே தொண்டைதானே.

“ஏய் கோகிலா! புள்ளயத் தூக்குடி! கெமரா வரலையாம்! பெரிய ஆளுக ஒருத்தரும் வரலையாம்! இது நெசமான சமாச்சாரம்!”

அரை மணி நேரத்தில் லயம் காலியானது. கைக்குழந்தைக்காரிகளை ஏழுமலை நடை நடையாக ஆட்டோவில் ஏற்றினான். சாரல் அடிக்காமலிருக்கப் பேனரை அவிழ்த்து அவர்கள் மேல் போர்த்தினான். கடைசி ஆள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது மணி இரண்டரை. மூன்றே முக்காலுக்கு மலை இறங்கியது. பதினாலு காம்பராவும் போனது, ஆறு ஆடும் போனது. மனிதர் எவரும் போகவில்லை.

மூன்றாம் நாள் வெயில் வந்தது, அலுவலகமும் வந்தது. கண்ணாடி போட்ட அதிகாரி ஏழுமலையைக் கெமரா முன் நிறுத்தி ஒரு தாளைக் கொடுத்தார். அலுவலகம் தொடர்ந்து நடத்திய விழிப்புணர்வுப் பிரசாரத்தால் மக்கள் உடனே புரிந்துகொண்டு வெளியேறினார்கள் என்று அதில் இருந்தது.

“இதத் தமிழ்ல சொல்லுங்க, போதும்” என்றார் சிங்களத்தில்.

ஏழுமலையும் சிங்களத்திலேயே பதில் சொன்னான். “ஐயா, அவங்க வெளிய வந்தது நீங்க வராததாலதான்.”

அதிகாரி பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தான்.

“இத நான் சொன்னா, அடுத்த மழைக்கு நான் கூப்பிடறப்ப யாரும் வரமாட்டாங்க.”

வேலை அத்தோடு போயிற்று. இப்போது கொழும்பில் பதிவு செய்த ஒரு பெண் குரல் வேறொரு வான் வண்டியில் தோட்டம் சுற்றுகிறது. இனிமையான குரல், நடுநடுவே பாட்டும் போடுகிறார்கள்.

ஏழுமலை முஹ்ஸின் நானாவின் மரக்கறிக் கடைக்கு மலிவு விற்பனை சொல்கிறான். சொல்வதற்கு முன் கடைக்குள் போய் மூட்டைகளைத் தொட்டுப் பார்க்கிறான், விலைப் பலகையைப் பார்க்கிறான்.

“என்னடாப்பா, நீ மைக்குக்காரனா, இன்ஸ்பெக்டரா?” என்று நானாவுக்குக் கோபம் வருகிறது.

“கெழங்கு நாலு மூட்ட தானே இருக்கு நானா. அம்பது மூட்டன்னு எழுதியிருக்கீங்க.”

“சும்மா விளம்பரத்துக்கு, வாப்பா!”

“அப்ப நாலுன்னே சொல்றேன்” என்று ஆட்டோவைத் திருப்புகிறான். நாலு மூட்டையும் பத்து மணிக்குள் விற்றுப்போகிறது.