எந்தக் கால்?

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு உயிர் போய் வந்தது. இதை எழுதும்போதும் முழுசாகத் திரும்பவில்லை. காரணம் என் மகள். இன்னும் சரியாகச் சொன்னால், என் மகளின் தமிழ்.

போட்டோகிராபி படிக்கிறாள். சந்திரபூர் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில், தண்டவாளத்தை ஒட்டி வாழ்கிறவர்களைப் படம் எடுக்கப் போயிருக்கிறாள். ஏன், நம்ம ஊர் கட்கியில் தண்டவாளம் இல்லையா? கேட்டேன்.

"இங்க எல்லாரும் ட்ரெயினைப் பிடிக்க ஓடுறாங்கப்பா. அங்க ட்ரெயின் பக்கத்துலயே வாழறாங்க."

ஞாயிறு காலை போனில் பேசினாள். தண்டவாளத்து ஓரம் ஒருத்தி மிளகாய் காய வைக்கிறாளாம். கம்பத்தில் கண்ணாடி மாட்டி ஒருவர் ஷேவிங் கடை நடத்துகிறாராம். கரி ஏற்றிய கூட்ஸ் வரும் சத்தம் கேட்டதும், கொடியில் கிடக்கும் வெள்ளைத் துணி மட்டும் அவசரமாக வீட்டுக்குள் போய்விடுமாம். கறுப்புத் துணிக்கு என்ன கவலை?

"அது சரி, நீ எங்க நிக்கிற?" என்றேன்.

பதிலுக்கு ஒரு ஹார்ன். அப்புறம் 'டமால்' என்று ஒரு சத்தம். அப்புறம்... ஒன்றுமில்லை.

இருபது நிமிடம் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்பதை ஒரு பெண் மராத்தியில் எவ்வளவு நிம்மதியாகச் சொல்கிறாள்...

பிறகு வாட்ஸ்அப்பில் மகளின் குரல் வந்தது.

"அப்பா, ட்ரெயின் வந்துச்சு. கால் கட் ஆயிடுச்சு. கீழ விழுந்ததை ஒரு காகா எடுத்துக் கொடுத்தார். டென்ஷன் ஆகாதீங்க. போட்டோ சூப்பரா வந்திருக்கு."

காகா என்றால் மராத்தியில் சித்தப்பா. இது தெரிந்தும், அந்த நிமிடம் என் கண்ணுக்குத் தெரிந்தது பறவைதான். நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி அங்கே இல்லை.

மனைவி சமையலறையிலிருந்து வந்து, மகள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். தரையில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கால்?"

"இடதா வலதான்னு சொல்லலையே..."

"அதைக் கேக்கலைங்க. நீங்க பேசிட்டிருந்த போன் கால்தானே கட் ஆச்சு? காலே போனவ போட்டோ சூப்பர்னா சொல்லுவா? எந்திரிங்க."

இதையே மகள் இந்தியில் சொல்லியிருந்தால் குழப்பமே இல்லை. அங்கே காலுக்கு 'பைர்' என்று தனிச் சொல் இருக்கிறது. ஆனால் "அப்பாகிட்ட தமிழ்லதான் பேசணும்" என்று வீட்டில் சட்டம் போட்டது யார்? பெண் சட்டத்தை மீறவில்லை. அகப்பட்டது நான்.

சாயங்காலம் படம் வந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர், அவள் போனைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அவர்தான் காகா. பின்னால் கரி வண்டி. அருமையான படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பெரிதாக்கிப் பார்த்தது, ஓரத்தில் விழுந்திருந்த அவள் நிழலை. இரண்டு கால்.

உடனே கூப்பிட்டேன். பேசி முடித்ததும், "சரிப்பா, கால் கட் பண்றேன்" என்றாள்.

"வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."