எஞ்சின் கொட்டகை

இன்று ஜெனரேட்டர் டீசல் வாசத்தில், ஒரத்தநாட்டுப் பக்கம் வயல் நடுவே இருந்து இப்போது தரைமட்டமாகிவிட்ட எங்கள் எஞ்சின் கொட்டகை நினைவுக்கு வந்தது. குத்தகைத் தகராறில் அப்பாவைச் சிறையில் அடைத்தபோது பயிர் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் இறைக்கும் எஞ்சினை ஓட்டத் தெரிந்தவர் அவர் மட்டும்தான். கம்பிக்கு வெளியே என் கையைப் பிடித்தபடி நின்ற அம்மா, "எப்புடி ஓட்டுறதுன்னு சொல்லுங்க" என்றாள்.

"லிவரைத் தூக்கிவிட்டுட்டு கைப்பிடியால சுத்து. சக்கரம் நல்லா வேகம் எடுத்ததும் லிவரைக் கீழ போடு. எஞ்சின் புடிச்ச உடனே கைப்பிடிய உருவிடு, இல்லன்னா கைய ஒடிச்சிடும்" என்று அப்பா வெறுங்காற்றில் சுற்றிக் காட்டினார். அம்மாவும் சுற்றினாள். நேரம் முடிந்தது.

மறுநாள் ஆளில்லாத வயலில் அம்மா அதேபோலச் சுற்றியதும் எஞ்சின் படபடவென்று பிடித்து, தண்ணீர் கொட்டியது. அம்மா சிரித்தாள், பிறகு வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப வருவீங்கன்னு கேக்காம வந்துட்டேனேடி."