மெதுவாய்ப் பாடிய கார்

மோக்கா ஊரில் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் எவரிஸ்தோவுக்கு அன்று ஓர் அவசர வேலை. இறந்துபோன நண்பன் லிசாந்திரோவின் கார், சவ ஊர்வலத்துக்கு முன்னால் பாடிக்கொண்டே போகவேண்டும். அதுதான் அந்த ஊர்ப் பையன்களின் வழக்கம். ஆனால் பாட்டைப் போட்ட இரண்டாவது நிமிடமே ஆம்ப்ளிஃபயர் சூடேறி அணைந்துவிடுகிறது.

"டேய், சவப்பெட்டியைத் தூக்கப் போறாங்க! நீ இன்னும் ஒயரைக் கொஞ்சிக்கிட்டிருக்க!" என்று கத்தினான் பக்கத்து வீட்டு ரமிரோ.

"சும்மா இருங்கண்ணே! ஊரே அதிரணும்னு நான்தான் ரெண்டு சப்வூஃபர் ஸ்பீக்கரையும் பக்க இணைப்புல கொடுத்தேன். அதனால கரண்ட் ரெண்டு மடங்கு இழுக்குது, ஆம்ப் தாங்கல."

நண்பனை ஊமையாகவா அனுப்புவது? வியர்வை கண்ணில் இறங்க, எவரிஸ்தோ ஒயர்களைப் பிடுங்கி, ஒரு ஸ்பீக்கரின் முனையை அடுத்ததில் கோத்துத் தொடர் இணைப்பாக்கினான். இம்முறை பாட்டு நிற்கவில்லை. ஆனால் சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

லிசாந்திரோவின் தாய் நெரெய்தா காரருகே வந்தாள். எவரிஸ்தோ தலைகுனிந்தான்.

"மன்னிச்சிடுங்கம்மா. இதுக்கு மேல சத்தம் வராது."

"மெதுவா வைடான்னு அவன்கிட்ட தினமும் கெஞ்சுவேன்ப்பா," என்றாள் அவள், கார்க்கதவைப் பற்றிக்கொண்டு. "இன்னிக்குத்தான் அம்மா பேச்சைக் கேட்டிருக்கான்."