நாளையிலிருந்து வரமாட்டேன்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த டியூஷன் சென்டரில் செகண்ட் பியுசி வரைக்கும், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும், பல வருடங்கள் பிசிக்ஸ் நடத்தினேன். அதை ஆரம்பித்து நடத்தியவர் ஒரு கணக்கு வாத்தியார். மனிதர் வாயைத் திறந்தால் சண்டைதான். போர்டை அழிக்காமல் போனால் கத்துவார். ஃபேனை அணைக்காமல் போனால் கத்துவார். பாடம் நன்றாக நடந்துவிட்டால், போன வருடமே ஏன் இப்படி நடத்தவில்லை என்று அதற்கும் கத்துவார். அவரிடம் வேலை பார்த்த நாங்கள் டீக்கடையில் நின்று அவரைத் திட்டாத நாள் கிடையாது.

ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மனசு புண்பட்டால் யாரும் அதை வெளியே சொல்ல மாட்டோம். "நாளையிலிருந்து வரமாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். மறுநாள் காலையில் அவருடைய பழைய ஸ்கூட்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். கையில் சிவாஜிநகர் பிரியாணிப் பொட்டலம். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது.

"யோவ், யாருய்யா உன்னப் போகச் சொன்னது? சாயந்தரம் செகண்ட் பியுசி பசங்க வந்து ஒக்காந்திருப்பாங்க. உன் டிராமாவெல்லாம் அப்புறம் வெச்சுக்க" என்பார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "இவன் இல்லாம அங்க எவன்மா பிசிக்ஸ் எடுப்பான்?" என்று கேட்பார். என் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னதே இல்லை. அன்று சாயங்காலம் படியேறும்போது உடம்பில் ஒரு தெம்பு இருக்கும். சம்பளம் கூட்டிக் கொடுத்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

அவர் மாரடைப்பில் போன பிறகு, ஐடி வேலையை விட்டுவிட்டு அவருடைய மகள் பொறுப்பெடுத்தாள். பொய் சொல்லக் கூடாது, தங்கமான பெண். எங்களுக்கென்று தனி அறை போட்டுக் கொடுத்தாள். ஆடாத நாற்காலிகள் வந்தன, கேட்ட நாளில் லீவு கிடைத்தது. அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "அப்பாடா, இப்பதாம்ப்பா நம்மள மனுஷனா நடத்துறாங்க" என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம். அதை முதலில் சொன்னதே நான்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு ஜூன் மாதம் புது டைம்டேபிள் வாட்ஸ்அப்பில் வந்தது. செகண்ட் பியுசி பிசிக்ஸ், புதிதாகச் சேர்ந்த இளைஞருக்குப் போயிருந்தது. எனக்கு ஒன்பதாம் வகுப்பு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வகுப்புதான் என் உயிர். மற்றதையெல்லாம் பிழைப்புக்காக நடத்தினேன், அதை மட்டும் எனக்காக நடத்தினேன். நேராக அவளுடைய அறைக்குப் போனேன்.

"நாளையிலிருந்து நான் வரமாட்டேன்மா."

லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள். "உங்க முடிவ நான் மதிக்கிறேன் சார். எல்லாத்துக்கும் ரொம்ப தேங்க்ஸ்" என்று கைகூப்பினாள்.

பின்னாலிருந்து கூப்பிடுவாள் என்று மெதுவாகவே படியிறங்கினேன். மறுநாள் காலையிலேயே குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். எல்லாம் பார்சல் கொடுக்க வந்த வண்டிகள். மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நீங்களே ஒரு போன் போடுங்களேன். சின்னப் பொண்ணு, அதுக்கென்ன தெரியும் உங்க வழக்கமெல்லாம்?" என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் வீம்புதான் விடவில்லை. கொஞ்ச நாளில் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள்.

இப்போது அல்சூர் பக்கம் ஒரு பெரிய கோச்சிங் நிறுவனத்தில் இருக்கிறேன். அவர்கள் தரும் ஸ்லைடைப் பார்த்து நடத்த வேண்டும். நான் போகாத நாளில் வேறொருவர் அதே ஸ்லைடை நடத்துவார். யாரும் என்னைத் திட்டுவதில்லை, தேடுவதுமில்லை.

போன மாதம் அல்சூரில் மெட்ரோ ஏறியபோது, "சார்!" என்று ஒரு குரல். வாத்தியாரின் மகள்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்கு நீங்க போனப்புறம் அழுதுட்டேன் சார். இந்த வயசுல உங்களுக்குக் கஷ்டம் வேணாம்னுதான் சின்ன கிளாஸ் போட்டேன். எங்கப்பா கத்திக் கத்தியே எல்லாரையும் பிடிச்சு வெச்சிருந்தாரு. நானும் போகாதீங்கன்னு கட்டாயப்படுத்தினா தப்பாயிடுமோன்னு பயந்துட்டேன்."

"உங்கப்பாகிட்ட நாலஞ்சு தடவ இப்படிச் சொல்லியிருக்கேன்மா. ஒரு தடவகூட அவர் என்னப் போக விட்டதில்ல" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ நான் வந்து கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா சார்?"

"ஓடி வந்திருப்பேன்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "செகண்ட் பியுசி இப்ப எப்படிப் போகுது? அந்தத் தம்பி நல்லா எடுக்கிறாரா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா எடுக்கிறார் சார். பசங்களுக்கு அவர்னா உயிர்" என்றாள்.

எம்.ஜி. ரோடு வந்ததும் கைகூப்பிவிட்டு இறங்கிப் போனாள். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியாதவள். அந்த ஒரு கேள்விக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.