இருட்டாத ஊருக்குப் போனவர்கள்

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடை மாடியில் வெளிநாட்டுச் சுற்றுலா விற்கும் அலுவலகம் ஒன்று இருந்தது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் பேசுவது வெரோனிகாவின் வேலை. நார்வே நாட்டின் வடகோடி வானத்தில் இரவில் பச்சைப் பச்சையாக ஒளி அலையும். அதைக் காட்டும் பயணத்துக்குத்தான் அங்கே கிராக்கி.

அந்த ஒளியைப் பார்க்க இருட்டு வேண்டும். செப்டம்பரிலிருந்து மார்ச் முடியத்தான் நல்ல காலம். ஜூனில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. இதெல்லாம் வெரோனிகா படித்துத் தெரிந்துவைத்திருந்தாள். ஆனால் ஜூன் மாதத்து இடங்கள் விற்காமல் கிடந்தன. "ஜூன்லயும் நல்லா தெரியும்னு சொல்லு. உனக்கு இன்னா போவுது?" என்றான் மேலாளர் அரிகிருஷ்ணன்.

வந்தவாசியிலிருந்து பேசிய கோதண்டராமன், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். மூன்று தடவை கேட்டார். "ஜூன்ல நிச்சயமா தெரியுமாம்மா? எங்க வீட்டம்மாவுக்கு ரொம்ப ஆசை." மூன்று தடவையும், "தெரியும் சார்" என்றாள்.

ஜூனில் அவர் நார்வேயிலிருந்தே அழைத்தார். குரலில் கோபமே இல்லை. "நாலு நாளா முழிச்சிக்கினு குந்தியிருக்கறோம்மா. இங்க எத்தினி மணிக்கு இருட்டும்?"

அருகில் நின்ற அரிகிருஷ்ணன் போண்டாவை மென்றபடி, "மேகமா இருக்குதுன்னு சொல்லு" என்று சிரித்தான். எண்ணெய் மின்னிய அந்த உதட்டைப் பார்க்க வெரோனிகாவுக்கு அருவருப்பாக இருந்தது. தன் வாயை நினைக்க அதைவிட அருவருப்பு.

"இருட்டாது சார். இந்த மாசம் பூரா இருட்டாது. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

"அவகிட்ட நான் இன்னான்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டு கோதண்டராமன் போனை வைத்துவிட்டார்.

அரிகிருஷ்ணன் கத்தக் கத்த வெரோனிகா படியிறங்கிவிட்டாள். கோதண்டராமன் வழக்குப் போட்டபோது அவளே போய்ச் சாட்சி சொன்னாள். அவருக்குப் பணம் திரும்பி வந்தது. குளிர்காலத்தில் மறுபடி போகலாம் என்று அவர் சொன்னதற்கு, அவர் மனைவி வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாராம்.

கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு திண்டிவனத்தில் கடை விரித்தது. போன வாரம் அரிகிருஷ்ணன் கூசாமல் வெரோனிகாவுக்கு போன் செய்தான். "பழச விடு. உன் கொரலுக்கு ஜனங்க நம்புறாங்க. வந்துடு."

"தூ!" என்றாள் வெரோனிகா. எழுந்து போய் வாய் கொப்பளித்தாள்.